நோட்டீஸ் கையில், பிள்ளைகள் வீட்டில்: கவுன்சிலிடம் எப்போது, எப்படிப் போவது?

வாடகை வீடு கைவிட்டுப் போகும் நிலையில் இருக்கும் குடும்பங்களிடமிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பதில்கள் இங்கிலாந்துச் சட்டப்படி. கவுன்சில் என்பது உங்கள் பகுதியின் உள்ளூராட்சி. வேல்ஸிலும் ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் விதிகள் வேறு. எல்லாப் பதில்களுக்கும் பொதுவான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: நேரத்தோடு போங்கள், எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போவதாக நோட்டீஸ் தந்துவிட்டார். எங்களுக்கு 7, 3 வயதில் இரண்டு பிள்ளைகள். கவுன்சிலுக்குப் போன் எடுத்தால், “பெய்லிஃப் (நீதிமன்ற உத்தரவோடு வந்து வெளியேற்றும் அலுவலர்) வரும் வரை அங்கேயே இருங்கள், பிறகு வாருங்கள்” என்கிறார்கள். அதுவரை கவுன்சில் எதுவும் செய்யாதா? (ஹாரோ வாசகி)

பதில்: செய்ய வேண்டும். 1996ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தை 2017இல் திருத்தினார்கள். திருத்தம் 2018 ஏப்ரல் 3 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து, 56 நாட்களுக்குள் வீடில்லாமல் போகக்கூடிய ஒரு குடும்பம் உதவி கேட்டால், இருக்கும் வீட்டைக் காப்பாற்றவோ வேறு வீடு கிடைக்கவோ கவுன்சில் நியாயமான நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டும். பெய்லிஃப் வந்து வெளியேற்றும் வரை ஒரு குடும்பம் வீட்டிலேயே இருப்பது நியாயம் என்று கவுன்சில்கள் கருதக்கூடாது என அரசின் வழிகாட்டி நெறியே சொல்கிறது. இருந்தும் போனில் இந்தப் பதில் அடிக்கடி வருகிறது. போனில் சொன்னதற்குச் சான்றில்லை, மேல்முறையீடும் இல்லை. அதனால்தான் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிறோம்.

கவுன்சிலின் இணையதளத்தில் வீடற்றோர் பிரிவுக்கான படிவம் இருக்கும். அதை நிரப்புங்கள், கூடவே ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள். நான்கு வரி போதும்: வீட்டுவசதிச் சட்டம் 1996, பகுதி 7இன் கீழ் விண்ணப்பிக்கிறேன், நோட்டீஸ் இன்ன திகதியில் முடிகிறது, என்னுடன் 7, 3 வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், உங்கள் முடிவை எழுத்தில் தாருங்கள். இதற்கென்று குறிப்பிட்ட படிவத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. கவுன்சிலின் எந்த அலுவலகத்தில் உதவி கேட்டாலும் அது விண்ணப்பம்தான். படிவம் ‘எரர்’ காட்டி நின்றுவிட்டால் அந்தத் திரையைப் படமெடுத்து மின்னஞ்சலோடு இணையுங்கள்.

நோட்டீஸின் எல்லாப் பக்கங்கள், வாடகை ஒப்பந்தம், அனைவரின் கடவுச்சீட்டு, இ-விசாவுக்கான ஷேர் கோட், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, சம்பளச் சீட்டு, கடைசி இரண்டு மூன்று மாத வங்கிக் கணக்கு, யூனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானத்துக்கான அரசு உதவித்தொகை) கணக்கீடு, பள்ளிக் கடிதம், நோய் இருந்தால் ஜிபி (குடும்ப வைத்தியர்) கடிதம் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். ஒன்றிரண்டு இல்லை என்பதற்காக விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம். பிறகும் கொடுக்கலாம்.

முதலில் கவுன்சில் பார்க்க வேண்டியது அந்த நோட்டீஸ் செல்லுமா என்பதை. 2026 மே 1 முதல், காரணம் சொல்லாமல் காலிசெய்யச் சொல்லும் பிரிவு 21 நோட்டீஸ் தனியார் வாடகைக்கு இல்லை. வீட்டை விற்பதற்கோ வீட்டுக்காரரோ அவர் குடும்பமோ குடிவருவதற்கோ என்றால் குறைந்தது 4 மாத அவகாசம் தரவேண்டும். நீங்கள் வந்து ஒரு வருடம் முடியும் முன் அந்தக் காரணத்தைச் சொல்லி வெளியேற்ற முடியாது. வாட்ஸ்அப்பில் “அடுத்த மாதம் காலிசெய்யுங்கோ” என்று வந்த செய்தி நோட்டீஸ் ஆகாது.

விண்ணப்பத்தை ஏற்றதும் உங்களுக்கென்று ஒரு ‘பர்சனல் ஹவுசிங் பிளான்’ எழுதுவார்கள். நீங்கள் செய்யவேண்டியதும் கவுன்சில் செய்யவேண்டியதும் அதில் இருக்கும். பல திட்டங்களில் உங்கள் பக்கம் நிறைந்திருக்கும், கவுன்சிலின் பக்கம் ஒரு வரியோடு நின்றுவிடும். கையெழுத்திடும் முன் கேளுங்கள்: புதிய வீட்டுக்கு டெபாசிட் தருவீர்களா, முதல் மாத வாடகை தருவீர்களா, வீட்டுக்காரரோடு யார் பேசுவார், எந்தத் திகதிக்குள்? அதையும் எழுதச் செய்யுங்கள். உங்களால் முடியாத காரியம் இருந்தால் அப்போதே சொல்லுங்கள். ஒப்புக்கொண்டு செய்யாமல் விட்டால், வேண்டுமென்றே ஒத்துழைக்கவில்லை என்று எச்சரித்து, உங்களுக்கு உதவும் கடமையை முடிக்க அவர்களுக்கு வழி உண்டு. வீடு பார்த்த விளம்பரங்களையும் முகவர்கள் அனுப்பிய மறுப்புகளையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

இதற்கிடையில் நீங்களாக வீட்டைவிட்டுப் போகாதீர்கள், சாவியைக் கொடுக்காதீர்கள், “இந்தத் திகதியில் போய்விடுகிறேன்” என்று எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். நோட்டீஸ் திகதி முடிந்ததும் வீடு தானாகப் போய்விடாது. வீட்டுக்காரர் நீதிமன்றம் போகவேண்டும். உத்தரவு கிடைத்தால் வழக்கமாக 14 நாள், மிகக் கடுமையான கஷ்டம் என்றால் 6 வாரம் வரை அவகாசம். அதன்பிறகும் கவுன்டி நீதிமன்ற பெய்லிஃப் வருவதற்குக் குறைந்தது 14 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும். ஆனால் வழக்குச் செலவு உங்கள் தலையில் விழலாம். கவுன்சில் “இருங்கள்” என்று சொன்னால், அந்தச் செலவை யார் கட்டுவது என்று எழுத்தில் கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குப் பிறகு பல கோப்புகள் நகரத் தொடங்கும்.

கேள்வி: கணவரின் வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். இரண்டு மாத வாடகை நிலுவை. கவுன்சிலுக்குப் போனால் “நீங்களே வரவழைத்துக்கொண்ட வீடில்லா நிலை” என்று தள்ளிவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். (ஈஸ்ட் ஹாம் வாசகி)

பதில்: அந்தப் பயத்தில் ஒதுங்கி நிற்பதுதான் உண்மையான ஆபத்து. இரண்டு மாத நிலுவையில் வீட்டைக் காப்பாற்ற இன்னும் வழி இருக்கிறது. வேறு பேச்சில்லாமல் நீதிபதி உத்தரவு போடவேண்டிய நிலை வர 3 மாத வாடகை நிலுவையில் இருக்க வேண்டும். நோட்டீஸ் தரும் அன்றும் விசாரணை அன்றும் இரண்டு தடவையும் அந்த அளவு இருக்க வேண்டும். விசாரணைக்கு முன் கொஞ்சம் கட்டி அந்த எல்லைக்குக் கீழே கொண்டுவந்துவிட்டால், நீதிபதி உங்கள் நிலைமையைக் கேட்டுத் தவணை போட இடமிருக்கிறது. யூனிவர்சல் கிரெடிட்டின் வாடகைப் பங்கு இன்னும் வந்து சேராததால் மட்டும் நின்றுபோன தொகை அந்த 3 மாதக் கணக்கில் சேராது. விண்ணப்பித்த நாளைக் காட்டும், யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கின் ஜர்னல் பக்கத்தை எடுத்து வையுங்கள்.

பணத்துக்கு எங்கே போவது? வாடகைக்கு உதவி பெறுபவராக இருந்தால், வாடகைக்கும் அந்த உதவிக்கும் இடையிலான குறையை ஈடுகட்டக் கவுன்சிலிடம் தனி நிதி உண்டு. நீண்டகாலம் அது டிஸ்கிரிஷனரி ஹவுசிங் பேமெண்ட் எனப்பட்டது. 2026 ஏப்ரலிலிருந்து கிரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட் என்ற பெரிய நிதிக்குள் வந்துவிட்டது. வீடற்றோர் பிரிவின் தடுப்பு நிதியிலிருந்து நிலுவையின் ஒரு பகுதியைக் கட்டவும் கவுன்சிலால் முடியும். ஒரு குடும்பத்தைத் தற்காலிக வீட்டில் வைப்பதைவிட அது பலமடங்கு மலிவு. கடிதத்தில் அதைச் சொல்லத் தயங்க வேண்டாம். யூனிவர்சல் கிரெடிட்டில் 6 மாதமாக இருந்து, வருமானம் குறைவாக இருந்தால் பட்ஜெட்டிங் அட்வான்ஸ் கேட்கலாம். பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு உச்சம் 812 பவுண். இது கடன், மாதாமாதம் பிடிப்பார்கள். பெனிஃபிட் கேப் (மொத்த உதவித்தொகைக்கான உச்ச எல்லை) விழுந்து வாடகை உதவி குறைகிறதா என்றும் பாருங்கள். இலண்டனில் குடும்பத்துக்கு வருடம் 25,323 பவுண், வெளியே 22,020 பவுண் என்பது அதன் எல்லை. வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஊனமுற்றோர் உதவித்தொகை கிடைத்தாலே அந்த எல்லை பொருந்தாது.

கடன் பல இடத்தில் இருந்தால் பிரீதிங் ஸ்பேஸ் கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற கடன் ஆலோசகர் மூலம்தான் முடியும். வாடகை நிலுவை உட்பட அதில் பதிந்த கடன்களுக்கு 60 நாள் வசூல் நடவடிக்கை நிற்கும். அந்த 60 நாளிலும் நடப்பு வாடகையைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டாவிட்டால் பாதுகாப்பு ரத்தாகலாம்.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான விஷயம். வாடகை கட்ட வசதி இருந்தும் கட்டாமல் விட்டால்தான் ‘இன்டென்ஷனல்’, அதாவது வேண்டுமென்றே வீடிழந்தவர், என்று சொல்ல முடியும். 2019இல் சாமுவேல்ஸ் எதிர் பர்மிங்காம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நான்கு பிள்ளைகளின் தாய்க்கு வாடகையில் மாதம் சுமார் 150 பவுண் குறை விழுந்தது. பிள்ளைகளுக்கான உதவித்தொகையிலிருந்து அதைக் கட்டியிருக்கலாமே என்றது கவுன்சில். அடிப்படைத் தேவைக்கான பணத்தில் மிச்சம் பிடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது, பிள்ளைகளின் நலனையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி நீதிமன்றம் கவுன்சிலின் முடிவை ரத்துசெய்தது.

ஆகவே வரவுசெலவுப் படிவத்தை நிரப்பும்போது கவனம் வேண்டும். சிக்கனமானவர் என்று காட்ட சாப்பாட்டுச் செலவைப் பாதியாக எழுதும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அப்படி எழுதினால் மிச்சம் இருப்பதாகக் கணக்கு வந்து, வாடகையை ஏன் கட்டவில்லை என்று கேட்பார்கள். உண்மையான தொகையை எழுதுங்கள்: சாப்பாடு, மின்சாரம், எரிவாயு, பஸ், பள்ளிச் சீருடை, போன். வங்கிக் கணக்கை அதிகாரி வரிவரியாகப் பார்ப்பார். மாதம் 300 பவுண் சீட்டுக்குப் போயிருந்தால் அவருக்குச் சீட்டு என்றால் என்னவென்று தெரியாது; மறைத்துவைத்த சேமிப்பாகவோ தேவையற்ற செலவாகவோ எடுத்துக்கொள்வார். எப்போது தொடங்கியது, எடுத்தாயிற்றா, இனி எத்தனை தவணை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஊருக்குப் பெற்றோரின் மருந்துக்கு அனுப்பிய பணத்துக்கும், தம்பியிடம் வாங்கிய கைமாற்று வருமானம்போல் வரவில் விழுந்திருப்பதற்கும் அதே மாதிரி விளக்கம் வேண்டும். எதையும் மறைக்காதீர்கள். வேண்டுமென்றே பொய்த் தகவல் தருவது 1996ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின்கீழ் குற்றம்.

நோட்டீஸ் கைக்கு வந்தவுடனேயே, வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவசச் சட்ட ஆலோசனை கிடைக்கும். ஹவுசிங் லாஸ் பிரிவென்ஷன் அட்வைஸ் சர்வீஸ் என்ற பெயரில் 2023 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. விசாரணை நாளில் நீதிமன்றத்திலேயே ஒரு வழக்கறிஞர் உங்களுக்காகப் பேசுவார். நிலுவை இருக்கிற வெட்கத்தில் விசாரணைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். ஆளில்லாத வழக்கில் உத்தரவு சில நிமிடத்தில் எழுதப்பட்டுவிடும்.

கேள்வி: மனைவியின் அண்ணன் வீட்டில் ஒரு அறையில் நான்கு பேர் இருக்கிறோம். ஒப்பந்தம் இல்லை, வாடகை காசாகத்தான் கொடுக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைக்குள் போகச் சொல்லிவிட்டார். எங்களுக்கு ஏதாவது உரிமை உண்டா? (கிராய்டன் வாசகர்)

பதில்: வீட்டுக்காரர் அதே வீட்டில் வசித்து, சமையலறையோ வரவேற்பறையோ பொதுவாகப் பாவிப்பவராக இருந்தால் உங்களுக்குப் பாதுகாப்பு மிகக் குறைவு. நியாயமான அவகாசம் கொடுத்தால் போதும், நீதிமன்றம் தேவையில்லை. மச்சான் வேறு இடத்தில் குடியிருந்துகொண்டு அந்த வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார் என்றால் கதை வேறு. அப்போது நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பூட்டை மாற்றுவது 1977ஆம் ஆண்டு வெளியேற்றப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எப்படியிருந்தாலும் ஞாயிறு வரை காத்திராமல் இன்றே கவுன்சிலுக்குப் போங்கள். நீங்கள் வீடற்றவர், உதவி பெறத் தகுதியுள்ளவர், பிள்ளைகள் உள்ளவர் என்று நம்பக் காரணம் இருந்தாலே, கவுன்சிலின் விசாரணை முடியும் முன்பே இரவு தங்க இடம் தரவேண்டும். எல்லாவற்றையும் நிரூபித்த பிறகுதான் என்று சொல்ல முடியாது. வேலை நேரம் முடிந்துவிட்டால் கவுன்சிலின் இரவுநேர அவசர எண் இருக்கிறது. அங்கே அலுவலக நேரத்தில் கிடைக்கும் அளவு கவனிப்புக் கிடைக்காது. காலையில் போவதே நல்லது.

அதிகாரி மச்சானுக்குப் போன் எடுப்பார், சிலவேளை வீட்டுக்கே வருவார், “இன்னும் இரண்டு வாரம் வைத்திருக்க முடியுமா” என்று கேட்பார். உறவுக்காரர் கூச்சத்தில் “பார்க்கலாம்” என்று சொன்னால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். உண்மையில் வைத்திருக்க முடியாது என்றால், எந்தத் திகதி வரை, என்ன காரணம், அறையில் எத்தனை பேர் என்று எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் தரச் சொல்லுங்கள். போனிலும் அதையே சொல்லட்டும்.

காசாக வாடகை கொடுத்ததால் நீங்கள் அங்கே இருந்ததற்கு ஆதாரம் தேட வேண்டியிருக்கும். ஜிபி பதிவு, பள்ளிக் கடிதம், வங்கித் தபால், போன் பில் எல்லாம் பயன்படும். கடந்த 12 மாதத்தில் 6 மாதமோ, 5 வருடத்தில் 3 வருடமோ அந்தப் பகுதியில் இருந்திருந்தால் உள்ளூர்த் தொடர்பு உண்டு. அங்கே நிரந்தர வேலை இருந்தாலும் போதும். தொடர்பில்லை என்று கவுன்சில் நினைத்தாலும் விண்ணப்பத்தை வாங்க மறுக்க முடியாது. முடிவு எடுக்கும் வரை இடம் தரும் கடமையும் போகாது.

கேள்வி: கவுன்சில் தந்த ஒரு பி அண்ட் பி (காலை உணவோடு வாடகைக்கு விடும் விடுதி) அறையில் நான்கு வாரமாக இருக்கிறோம். இப்போது வேறு நகரத்தில் வீடு தருகிறார்கள். மறுத்தால் என்ன ஆகும்? (வெம்பிளி வாசகர்)

பதில்: கழிப்பறையோ குளியலறையோ சமையலறையோ மற்றவர்களோடு பகிரவேண்டிய தனியார் பி அண்ட் பியில் பிள்ளைகள் உள்ள குடும்பத்தை, வேறு இடமே இல்லாதபோதுதான் வைக்கலாம், அதுவும் 6 வாரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. கவுன்சிலின் சொந்த விடுதிக்கு இந்த எல்லை இல்லை. ஐந்தாம் வாரத்திலேயே எந்தத் திகதியில் மாற்றுவீர்கள் என்று எழுதிக் கேளுங்கள்.

வேறு நகர விஷயத்தில், தருவது எந்த வகை வீடு என்று முதலில் கடிதத்தில் பாருங்கள். அது கடைசி வாய்ப்பு என்று எழுதியிருந்தால், மறுத்த பிறகு அது பொருத்தமானதுதான் என்று முடிவானால் கவுன்சிலின் கடமை முடிந்துவிடும். கையில் வீடும் இருக்காது. ஏற்றுக்கொண்டு, கடிதம் கிடைத்து 21 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கச் சட்டம் இடம் தருகிறது. ஏற்றுக்கொண்டதால் உரிமை போய்விடாது. பலருக்கு இது தெரியாமல் மறுத்துவிட்டு அவதிப்படுகிறார்கள். மறுபரிசீலனையில் வேலைக்குப் போய்வர ஆகும் நேரம், ஜிசிஎஸ்ஈ படிக்கும் பிள்ளை, மருத்துவமனைச் சிகிச்சை, பராமரிக்கும் முதியவர் என்று ஆதாரத்தோடு எழுதுங்கள். அருகில் ஏன் இடமில்லை என்பதைக் கவுன்சில் விளக்கவேண்டும் என்று 2015இல் வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சிலுக்கு எதிரான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மறுபரிசீலனையும் தோற்றால், சட்டப் பிழையைக் காட்டி கவுன்டி நீதிமன்றம் போக இன்னொரு 21 நாள்.

கவுன்சிலின் விசாரணை முடியும் முன் தரும் இடைக்கால இடத்துக்கு மட்டும் இந்த மறுபரிசீலனை இல்லை. அங்கே வழி உயர் நீதிமன்றம்தான். அதற்கு உடனே வழக்கறிஞர் வேண்டும்.

கேள்வி: கணவரின் துணையாக ஸ்பௌஸ் விசாவில் வந்தேன். அடி, உதை, கடவுச்சீட்டையும் பறித்து வைத்திருக்கிறார். பொதுநிதி (அரசு உதவித்தொகை, வீட்டு உதவி போன்றவை) கிடையாது என்று விசாவில் இருப்பதால் கவுன்சில் பார்க்காது என்கிறார். (பெயர், ஊர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: சகோதரி, அவர் சொல்வதை நம்பி அந்த வீட்டில் இருக்க வேண்டாம். தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் 0808 2000 247, இலவசம், 24 மணி நேரமும் உண்டு. உடனடி ஆபத்து என்றால் 999. அடி மட்டுமில்லை, கட்டுப்படுத்துவதும் பணத்தையும் ஆவணத்தையும் பறிப்பதும் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி வன்முறையே.

இங்கே நிரந்தர உரிமையுள்ளவரின் துணையாக வந்து வன்முறையால் பிரிபவர்களுக்கு உள்துறை அமைச்சு ஒரு சலுகை வைத்திருக்கிறது. விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை; பொதுநிதி பெறும் உரிமையோடு 3 மாத அனுமதி கிடைக்கும். அதற்குள் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்த அனுமதி உங்கள் தற்போதைய விசாவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், தகுதிபெற்ற குடிவரவு ஆலோசகரிடம் கேட்டுவிட்டே அனுப்புங்கள். கணவர் மாணவர் அல்லது வேலை விசாவில் இருந்தால் இந்த ஆலோசனை இன்னும் அவசியம். அவர்களின் துணைக்கு இந்த வழியில் நிரந்தர வதிவிடம் இல்லை. அனுமதி கிடைத்ததும் எந்தக் கவுன்சிலுக்கும் போகலாம். வன்முறைக்குத் தப்பியவருக்குப் பிள்ளை இல்லாவிட்டாலும் முன்னுரிமை உண்டு. பொலிஸ் முறைப்பாடு இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஆபத்துள்ள ஊருக்குத் திருப்பி அனுப்பக்கூடாது.

கேள்வி: வேலை விசாவில் இருந்தேன், வேலை போய்விட்டது. வாடகை கட்ட முடியவில்லை. கைக்குழந்தை இருக்கிறது. (லூட்டன் வாசகர்)

பதில்: வேலை விசாவில் பொதுநிதி கிடையாது என்பதால் வீடற்றோர் பிரிவில் உங்களுக்கு வீடு தர முடியாது, ஆலோசனை மட்டும் கிடைக்கும். நீங்கள் போகவேண்டியது சிறுவர் சமூகசேவைப் பிரிவுக்கு. 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவின்கீழ், ஆதரவு தேவைப்படும் குழந்தையைக் குடும்பத்தோடு சேர்த்தே தங்கவைக்கவும் செலவுக்குப் பணம் தரவும் அவர்களால் முடியும். இது பொதுநிதிக் கணக்கில் வராது. வங்கிக் கணக்குகளையும் வெளியேற்ற நோட்டீஸையும், இதுவரை யார் உதவினார்கள், ஏன் இனி முடியாது என்பதையும் கேட்பார்கள். “குழந்தையை மட்டும் பொறுப்பேற்கலாம்” என்று யாராவது சொன்னால் கலங்காதீர்கள். 17ஆம் பிரிவு மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள், அன்றே ஒரு வழக்கறிஞரையோ ஷெல்டர் என்ற வீட்டு உதவித் தொண்டு அமைப்பின் 0808 800 4444 எண்ணையோ அழையுங்கள்.

கேள்வி: கவுன்சிலில் பேச 12 வயது மகனைத்தான் கூட்டிப்போகிறோம். சாமான்களையும் என்ன செய்வதென்று தெரியவில்லை. (மிச்சம் வாசகி)

பதில்: மகனைப் பள்ளிக்கு அனுப்புங்கள். நிலுவையையும் குடும்பச் சண்டையையும் அவன் வாயால் சொல்லவைக்க வேண்டாம், தவறாகவும் போகும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதினால் கவுன்சில் ஏற்பாடு செய்யும். பெரும்பாலும் போனில்தான் வருவார். இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா என்றும் சொல்லுங்கள், திகதியும் தொகையும் பிசகாமல் போக அது உதவும்.

தற்காலிக இடத்துக்குக் கொண்டுபோக முடியாத சாமான்கள் பழுதாகவோ தொலையவோ வாய்ப்பிருந்து, உங்களால் வேறு ஏற்பாடு செய்ய முடியாவிட்டால், அவற்றைப் பாதுகாக்கும் கடமை 1996ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 211ஆம் பிரிவில் கவுன்சிலுக்கு இருக்கிறது. நியாயமான கட்டணம் கேட்கலாம். பெய்லிஃப் வரும் திகதி தெரிந்தவுடன் எழுதுங்கள். கட்டில், குளிர்சாதனப் பெட்டி என்று பட்டியலும் படமும் இணையுங்கள். கடவுச்சீட்டு, நகை, மருந்து, பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம் ஆகியவற்றை அந்தப் பட்டியலில் சேர்க்காமல் கையோடு எடுத்துப்போங்கள். களஞ்சியத்திலிருந்து இடையில் எதையும் எடுப்பது சுலபமில்லை.